விரலில் பட்ட பல்

வீட்டுக்காரம்மாவை எனக்குப் பிடிக்காது. அவள் செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போதும் பிடிக்காது. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள், ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

சேரப்பணஞ்சேரியில் அவள் வீட்டு மாடி அறையில் நானும் தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தியும் மூன்று வருடம் குடியிருந்தோம். எனக்குக் கோவில்பட்டிக்குப் பக்கம். இரண்டு பேருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை. காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கிற லைன். அறை பார்க்கப் போன அன்றே வீட்டுக்காரம்மா எங்களை வாசலில் நிற்கவைத்து ஊர் எது என்று கேட்டாள். சொன்னோம். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டாள். தெருவை எதற்குக் கேட்கிறாள் என்று தேனிக்காரிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. “மெயின் ரோட்டு மேலயே வீடு” என்றேன். அவளுக்கு அது போதவில்லை, இருந்தாலும் சாவியைக் கொடுத்தாள். எங்கள் பகை அந்த வாசலிலேயே தொடங்கிவிட்டது.

கீழ் வீட்டில் அவள், அவள் கணவர், ஒரே மகள். கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். வீட்டுக்குள் அவர் குரல் கேட்டதே குறைவு. மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு நிலம் இருந்திருக்கிறது. அது ஒரு கம்பெனிக்குப் போய்விட்டது. அதே கம்பெனியில் அவள் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்து தரை துடைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் இதைச் சொன்னபோது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கொடியில் காய்ந்துகொண்டிருந்த எங்கள் துணிகளை உருவி ஈரத்தோடு படிக்கட்டில் போட்டிருந்தாள். பாவம் போய்விட்டது.

சண்டை எல்லாம் சின்னச் சண்டைதான். நாங்கள் குளிக்கிற நேரம் பார்த்து மோட்டாரை நிறுத்துவாள். தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்தாலும் நாங்கள் சொல்ல மாட்டோம். குளியலறை அடைப்பிலிருந்து எங்கள் தலைமுடியைச் சுருட்டி எடுத்துவந்து அறை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். நான் அதை எடுத்துப்போய் அவள் செருப்பின் மேல் வைப்பேன். சிலிண்டர் தூக்கி வருகிற ஆளைக்கூடப் படியேற விடாமல் நிறுத்தி, “மேல ரெண்டு பொண்ணுங்க கீதுங்க, கீழயே வச்சிட்டுப் போ” என்பாள். அவன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஏற வேண்டும். அவள் கீழே நின்று பார்ப்பாள்.

அவளிடம் ஒரு நாய் இருந்தது. செம்மண் நிறம், வாலில் மட்டும் வெள்ளை. கண் திறக்காத குட்டியாக எடுத்து வளர்த்தது. நாங்கள் கேட்டைத் திறந்தால் குரைக்கும். அவள் உடனே அதட்ட மாட்டாள். கொஞ்ச நேரம் குரைக்க விட்டு, நாங்கள் சுவரோரமாக ஒண்டி நின்ற பிறகுதான், “தா, சும்மா கெட” என்பாள். நாயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் வைத்த வேலையை அது செய்தது. ஒரு முறை பஞ்சாயத்து வண்டியில் நாய்களுக்கு ஊசி போட வந்தார்கள். அவள் நாயை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, “தெரு நாய்க்குப் போய் போடுங்க. இது வூட்டு நாய்” என்று திருப்பி அனுப்பினாள். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு கருத்தும் இல்லை.

வெறிநாய்க்கடி என்பது பெரியம்மை மாதிரி எப்போதோ ஒழிந்துபோன விஷயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வருடம் எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. ஹாஸ்டல்களும் பிரியாணிக் கடைகளும் மிச்சத்தைக் காலி மனைகளில் கொட்டினார்கள். நாய்கள் அங்கேயே தின்று, அங்கேயே குட்டி போட்டுப் பெருகின. சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றவர்களை ஒரே நாய் ஓடி ஓடிக் கடித்தது என்றார்கள். கம்பெனியில் காலைக் கூட்டத்தில் கையுறை, கண்ணாடி என்று பேசுகிற சேஃப்டி ஆபீசர் நாய்க்கடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். “சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவுங்க. அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதுவும் வைக்கக் கூடாது” என்றார். எங்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோடை தொடங்குகிற சமயத்தில் வீட்டுக்காரம்மாவின் நாய் காது கிழிந்து வந்தது. பின்பக்கத்துக் காலி மனை நாய்களோடு சண்டை போட்டிருக்க வேண்டும். அவள் மஞ்சள் குழைத்துப் பூசினாள். காது ஆறிவிட்டது. ஒரு மாதம் கழிந்திருக்கும். நாய் சோற்றைத் தொடாமல் மண்ணை நக்க ஆரம்பித்தது. குரைத்தால் குரல் வேறு மாதிரி வந்தது, தொண்டை கட்டின ஆள் கூப்பிடுவது போல. வாய் லேசாகத் திறந்தே தொங்கியது. எச்சில் நூலாக வழிந்தது.

அன்று எனக்கு வார விடுமுறை. மாடிப்படியில் உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே முற்றத்தில் அவள் நாயை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து உட்கார்ந்திருந்தாள். மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள்.

“எலும்பு மாட்டிகினுகீதா? தோ, எட்த்துடறேன். ஆடாத. ஆடாதடா கண்ணு” என்று அதனோடு பேசிக்கொண்டே வாயைப் பிளந்து கையை உள்ளே விட்டாள். அவள் குரல் அவ்வளவு மென்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மணிக்கட்டுவரை உள்ளே போன கை துழாவியது. நாய் தலையை உதறியது. அவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். இரண்டு விரல்களில் ரத்தம் துளிர்த்தது. முந்தானையில் துடைத்தாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள்.

“இன்னா வேடிக்கை?”

“கடிச்சிருச்சாக்கா?”

“கடிக்கல. பல்லு பட்டுச்சு. நீ உன் வேலைய பாரு.”

நான் என் வேலையைப் பார்க்க உள்ளே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து நாய் என்னைக் கடித்தது. ஷிப்ட் முடிந்து, வெயில் இறங்காத நேரத்திலேயே வந்துவிட்டேன். கேட்டைத் திறந்தேன். எப்போதும் குரைக்கிற நாய் குரைக்கவில்லை. கட்டியிருந்த கயிற்றைக் கடித்து அறுத்திருந்தது. நேராக வந்து கெண்டைக்காலைப் பிடித்தது. பேன்ட் துணி கிழிந்து பல் உள்ளே இறங்குவது தெரிந்தது. சாப்பாட்டுப் பையால் அதன் தலையில் அடித்து அடித்து விடுவித்துக்கொண்டேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரைப் போய்க் கடித்தது.

வீட்டுக்காரம்மா வெளியே வந்தாள். என் காலில் ரத்தம் செருப்புவரை ஓடியிருந்தது.

“அத இன்னா பண்ண நீ?” என்று கேட்டாள்.

“நான் ஒண்ணும் பண்ணல. கேட்டத் தொறந்தேன்.”

“சும்மா கெடந்த நாய் ஏன் கடிக்கும்? எதையோ எட்த்து ஓங்கியிருப்ப.”

நான் மாடிக்குப் போனேன். தேனிக்காரி குழாயைத் திறந்துவிட்டுச் சோப்பைத் தேய்த்தாள். எரிந்தது. கால் மணி நேரம் கழுவச் சொன்னார்கள் என்று போனில் நேரம் பார்த்துக்கொண்டே கழுவினாள். அதன் பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே நாய்க்கடிக்கென்று தனி வரிசை இருந்தது. எனக்கு முன்னால் சீருடை போட்டவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சுரிதாரை முழங்காலுக்குச் சுருட்டிப் பிடித்திருந்த ஒரு பெண். இரண்டு கையிலும் ஊசி போட்டார்கள். காயம் ஆழம் என்பதால் காலிலேயே காயத்தைச் சுற்றிச் சுற்றியும் மருந்தை இறக்கினார்கள். அதுதான் வலி. நர்ஸ் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

“வளக்குற நாயா, தெரு நாயா?”

“வீட்டுக்காரங்க நாய்.”

“ஊசி போட்டிருக்காங்களா அதுக்கு?”

“இல்ல.”

“வேற யாரையாச்சும் கடிச்சுதா? பல்லு, நகம் எதுனா பட்டுச்சா? எச்சில் பட்டிருந்தாலும் வரணும்.”

நான் நர்ஸின் பேனாவைப் பார்த்தேன். முந்தானையில் ரத்தத்தைத் துடைத்த கை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. “தெரியலக்கா” என்றேன்.

“வீட்ல போயி சொல்லு. நாய் பத்து நாளைக்குள்ள செத்துச்சுன்னா கண்டிப்பா அத்தனை பேரும் வரணும்” என்று சீட்டைக் கையில் கொடுத்தார்.

அதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் அழகான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. காலில் மருந்து ஏறி விண்விண் என்று தெறித்தது. கேட்டைத் திறந்தபோது அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று படியேறினேன்.

நாய் மூன்றாம் நாள் செத்தது. பின்கால் இரண்டும் விழுந்து, இழுத்து இழுத்து நகர்ந்து, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் செத்துக் கிடந்தது. அவள் கணவர் சாக்கில் சுற்றிக் காலி மனையில் புதைத்துவிட்டு வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. தெருவில் எல்லோரும் வீட்டிலிருந்தார்கள். நான் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு திரும்பினேன். அவள் கேட்டுக்கு வெளியே தலையை விரித்துப்போட்டு நின்றிருந்தாள்.

“வந்துட்டா பாரு. எங்க வூட்டு நாய்க்கு மருந்து வச்சிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வரா பாரு.”

பக்கத்து வீடுகளில் இருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். யாரும் என் காலைப் பார்க்கவில்லை. காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டியிருக்கலாம். சீட்டைக் காட்டியிருக்கலாம். நர்ஸ் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். மூன்று வருடத்துக் கோபம் மொத்தமாக வாய்க்கு வந்துவிட்டது.

“வெறி புடிச்சுச் செத்த நாய்க்கு நான் எதுக்கு மருந்து வைக்கணும்?” என்றேன்.

“யாருக்குடி வெறி? வூட்டுச் சோறு துன்னுகினு வூட்லயே கெடந்த நாய்க்கு வெறியா?”

“வெறிதான். அது வாய்க்குள்ள கைய விட்டீகல்லா? பல்லு பட்டுச்சுல்லா? நான் மேல இருந்து பாத்தேன். எச்சி ஒழுகி, தொண்ட அடச்சு அது எப்படிச் செத்துச்சோ, அதே மாதிரிதான் நீங்களும் சாகப்போறீக. இருந்து பாருங்க.”

அவள் என்னை அடிக்க வந்தாள். மகள் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஆள் ஒருவர், “இன்னாம்மா, ஒரு பொம்பள புள்ள வாயில வர்ற பேச்சா இது?” என்றார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் கேட்ட அத்தனை பேரும் அதைச் சாபமாகத்தான் கேட்டார்கள். சாபமாகத்தான் நானும் சொன்னேன்.

அறைக்குள் வந்ததும் தேனிக்காரி கதவைச் சாத்திவிட்டு என்னைத் திட்டினாள். “நீ சொன்னது நெசந்தேன். அத இப்பிடியா சொல்லுவாக? அந்தம்மா இனிமே ஊசிக்குப் போகுமா?”

“போகாட்டி விடு.”

அவள் விடவில்லை. மறுநாள் அவளே கீழே போய்க் கதவைத் தட்டி, ஊசி போட்டுக்கொள்ளும்படி கெஞ்சியிருக்கிறாள். வீட்டுக்காரம்மா முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்திவிட்டாள். மகளும் கேட்டிருக்கிறாள். மகளுக்குக் கிடைத்த பதிலை நான் ரொம்பப் பின்னால்தான் அறிந்தேன். “அவ சொன்னான்னு நான் போயி ஊசி போட்டுக்கினா, நாய்க்கு வெறின்னு ஆயிடும். அவ சொன்னது சரின்னு ஆயிடும். தெரு இன்னா பேசும்?” என்றாளாம். கணவரை நான் அந்த வாரமே பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். தனியாக நின்றிருந்தார். போய்ச் சொல்ல இருபது அடி நடக்க வேண்டும். நடக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் எங்களைக் காலி செய்யச் சொன்னாள். தேனிக்காரி தெரிந்தவர்களோடு படப்பைக்குப் போய்விட்டாள். நான் பென்னலூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்தேன். மீதி ஊசிகளைச் சீட்டில் எழுதின நாள் தவறாமல் போட்டுக்கொண்டேன். கடைசி ஊசி முடிந்ததும் சேரப்பணஞ்சேரியை மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். வேலை அதிகம். ஓவர்டைம் வேறு. காலில் நான்கு தழும்புகள் மட்டும் மிச்சம்.

மேலும் ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் செக்யூரிட்டி என்னைத் தேடி வந்தார். கேட்டில் யாரோ நிற்கிறார்கள் என்றார். போனேன். வீட்டுக்காரம்மாவின் மகள். காலேஜ் பையோடு வெயிலில் நின்றிருந்தாள். துப்பட்டாவின் நுனியைக் கடித்துக் கடித்து அது நனைந்திருந்தது.

“அக்கா, நீ அன்னிக்கு சொன்னியே. எங்கம்மா நாய் வாயில கைய விட்டத நீ பாத்தியா, இல்ல கோவத்துல சொன்னியா?”

“பாத்தேன். ஏன்?”

“அம்மாவால தண்ணி குடிக்க முடியல. ரெண்டு நாளா. மொதல்ல வெரல் எரியுதுன்னுச்சு, அப்புறம் ஜொரம். கிளினிக்ல தொண்டையில புண்ணுன்னு மாத்திரை குடுத்தாங்க. அத முழுங்க முடியல. ஃபேன் போட்டா கத்துது.”

சூப்பர்வைசரிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், நான் ஏதாவது நல்லதாகச் சொல்வேன் என்பது போல. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அந்த வெயிலில் ஃபேன் நிறுத்தியிருந்தது. வீட்டுக்காரம்மா கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து வலது கையின் இரண்டு விரல்களைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். விரல் நுனியில் தோல் உரிந்திருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் ஒரு துண்டில் துடைத்துத் துடைத்து, துண்டு கனத்துக் கிடந்தது. கணவர் ஓரமாக நின்றிருந்தார். நான் கதவைத் திறந்ததில் கொஞ்சம் காற்று உள்ளே போனது. அவள் கழுத்து வெட்டி இழுத்தது. இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். அது அடங்கினதும் என்னைப் பார்த்தாள். கண் தெளிவாக இருந்தது. புத்தி பிசகியிருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். இல்லை. முழு நினைவோடு இருந்தாள்.

“வந்துட்டியா” என்றாள். குரல் கரகரத்தது. “பாக்கத்தானே வந்த. பாரு.”

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா. இப்பவே.”

“உங்கூட வர மாட்டேன்.” மூச்சு வாங்கினாள். “உன் வாய்தான். நாயில்ல. உன் வாய்தான் என்னைக் கடிச்சுது.”

மகள் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்கவைத்துவிட்டால் அம்மா சரியாகிவிடுவாள் என்று நினைத்தாளோ என்னவோ. டம்ளர் வாய்க்கு அருகில் வரும்போதே அவள் உடம்பு மொத்தமும் வில்லாக வளைந்தது. டம்ளர் உருண்டு போனது. தரையில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்து அவள் காலை இழுத்துக்கொண்டு கட்டிலின் மேல் ஏறி நின்றாள். அப்போதுதான் கணவர் முதல் தடவையாக அழுதார்.

ஆம்புலன்ஸை நான்தான் அழைத்தேன். நான் வாசலில் நின்றவரை அவள் ஏற மறுத்தாள். எதிர்வீட்டுச் சந்துக்குப் போய் மறைந்து நின்றுகொண்டேன். ஏற்றின பிறகு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். படப்பை, வண்டலூர், தாம்பரம் என்று வண்டி போய்க்கொண்டே இருந்தது. பின்னால் அவள் யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டது. என்னையாகத்தான் இருக்கும்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கணவரிடம் கேட்டார். “நாய் கடிச்சதா?”

“இல்ல சார். கடிக்கல” என்றார் கணவர். பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரியும்.

“கடிக்கல. பல் பட்டுச்சு” என்றேன் நான். என்றைக்கு, எந்த விரல்கள், நாய் எத்தனை நாளில் செத்தது, எல்லாம் சொன்னேன். அன்று நர்ஸ் கேட்டபோது சொல்லாத அத்தனையும் வரிசையாக வந்தது.

“அப்ப ஊசி போடலையா? யாரும் சொல்லலையா?”

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். கணவரைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். அவர் திரும்பி வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. இந்த நோய் இப்படி வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் மருந்து கிடையாது. தனி வார்டில், விளக்கை மங்கலாக்கி, தூக்கத்துக்கு மருந்து போட்டு வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் முற்பகலில் செத்துப்போனாள்.

சாவு எடுப்புக்கு நான் போகவில்லை. போகக் கூடாது என்று அவள் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். வந்தால் செருப்பால் அடிப்பேன் என்றாளாம். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேனா, திருப்பி அடித்திருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்த வாரம் தெரு ஆண்கள் கட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிக் காலி மனையில் படுத்திருந்த இரண்டு நாய்களை அடித்துக் கொன்றார்கள். அவை யாரையும் கடித்ததில்லை. பஞ்சாயத்து வண்டி மறுபடி வந்தபோது மட்டும் எல்லா வீட்டிலிருந்தும் நாய்களைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்களாம்.

அம்மாவின் எச்சில் துண்டை வெறுங்கையால் துவைத்தவர்கள், வாயைத் துடைத்துவிட்டவர்கள் என்று மகளுக்கும் கணவருக்கும் ஊசி எழுதியிருந்தார்கள். முதல் ஊசி சென்னையிலேயே போட்டாயிற்று. மகளுக்கு மற்றது இங்கே அரசு ஆஸ்பத்திரியில். கணவர் பஸ் ஓட்டுகிற வழியில் வேறொரு ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்வார். மகள் எனக்குப் போன் செய்தாள். “எந்தப் பக்கம் போவணும்னு தெரியல. நீ வா” என்றாள். வருவாயா என்று கேட்கவில்லை. போனேன். மூன்று முறையும் போனேன்.

இரண்டாம் முறை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“நீ நல்ல மாதிரி சொல்லியிருந்தா எங்கம்மா போயிருக்கும்னு நெனைக்கிறியா?”

“தெரியல.”

“போயிருக்காது. எங்கம்மாவ எனக்குத் தெரியும்.” சீட்டை மடித்துக்கொண்டே, “ஆனா நீ சொல்லியிருக்கணும். அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கணும்” என்றாள்.

“சொல்லியிருக்கணும்” என்றேன்.

“சும்மா திருப்பிச் சொல்லாத.”

அவள் முறை வந்தது, எழுந்து போனாள்.

கடைசி ஊசி அன்று அவள் இரண்டு சட்டைக் கையையும் தானே சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றாள். ஊசி ஏறும்போது என்னைத்தான் பார்த்தாள், கண் இமைக்காமல், அம்மா பார்க்கிற அதே மாதிரி. வெளியே வந்ததும், “இதோட சரி. இனிமே போன் பண்ணாத” என்றாள். நான் அவளுக்கு ஒரு நாளும் போன் செய்ததில்லை. இருந்தாலும் சரி என்றேன். அவள் பஸ் ஏறினாள். நான் திரும்ப உள்ளே போய், ஊசி அறையின் குப்பைத் தொட்டியில் அவள் எறிந்துவிட்டுப் போன சீட்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியாது. பிறகு எங்கோ தொலைந்துபோனது.

அந்த அம்மா மேல் எனக்கு இருக்கிற கோபம் அவள் சாவோடு போகவில்லை. ஊசி போட்டுக்கொண்டு உயிரோடு இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். இப்போது வெறுக்கிறபோதெல்லாம் அவள் நாயிடம் பேசின குரல் நடுவில் வந்து நிற்கிறது. அதற்காகவும் அவள் மேல் கோபம் வருகிறது.

போன மாதம், நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். வீட்டுக்காரம்மாவின் கணவர். எண்ணை மகளிடம் வாங்கியிருப்பார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

“மாடில ஒரு ஒரிசாக்காரன் கீறான். நாய் கை மேல நகம் போட்ருச்சு. ஒண்ணுமில்லன்றான். கூப்ட்டா வர மாட்டேன்றான்” என்றார்.

“ரத்தம் வந்திருக்கா?”

“லேசா.”

“சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவச் சொல்லுங்க, கால் மணி நேரம். அப்புறம் இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு விடாதீங்க.”

“எந்தப் பக்கம்?”

“மெயின் கேட்ல நுழைஞ்சு எடது கைப் பக்கம். நாய்க்கடிக்குத் தனி வரிசை.”

“அவன் வரலன்னா?”

“பக்கத்துலயே நில்லுங்க. திட்டாதீங்க. வர்ற வரைக்கும் சொல்லிட்டே இருங்க.”

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “தம்பி, சட்டைய மாட்டு, வா” என்று யாரையோ அழைக்கிற குரல் கேட்டது. இணைப்பைத் துண்டித்துவிட்டார். எனக்குக் கம்பெனி பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறினேன்.